கோடை அடுக்களை – 14: குட்டிக்கதவு இருந்த இடம்

முகர்ரமுக்குக் கோபம் வந்தால் வீட்டில் பாத்திரங்கள் பேசும். சந்தோஷம் வந்தால் தெருவுக்கே கேட்கும்படி அவள் பேசுவாள். வெட்கம் வந்து வாயடைத்துப் போய் அவளை நாம் இதுவரை பார்த்ததில்லை. இந்த வாரம் பார்க்கப் போகிறோம். எனக்கே கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

இடையில் ஓரிரு வாரம் தவறவிட்டவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மர்கிலான் நகரத் தொழிற்பள்ளியில் முப்பது வருஷம் வரைபடம் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்ற தூர்சுனலி, தன் வீட்டு முற்றத்தில் ஒரு வெளி அடுக்களை கட்ட ஆசைப்பட்டார். தகரக் கூரை போட்டு இரண்டு அடுப்பு வைத்தால் போதும் என்று நினைக்கிற ஆள் அவர் இல்லை. கட்டம் போட்ட தாளில் பதினோரு முறை வரைந்தார். மனைவி முகர்ரம் மாவு பிசையும்போது பின்னால் போய் நின்று, மேடை எவ்வளவு உயரம் வேண்டும் என்று அவள் முழங்கைக்கு நாடா பிடித்தார். புலாவ் சட்டிக்குப் பெரிய அடுப்பு, சூப்புக்குச் சின்னது, மூலையில் ரொட்டி சுடத் தந்தூர், நீலக் கல் பதித்த மேடை, பக்கத்தில் கை கழுவத் தொட்டி.

முதல் பத்துப் படங்களிலும் பக்கத்து வீட்டுக்குப் போகும் குட்டிக்கதவு அதன் இடத்தில் இருந்தது. பதினோராவதில் இல்லை.

"சட்டி அடுக்க ஒரு அலமாரி வேணும், ஓய்தின் அப்பா" என்று முகர்ரம் படத்திலிருந்த கதவின் மேல் விரல் வைத்துச் சொன்னாள். "அலமாரிக்கு முதுகு வேணும். இங்க ஒரு சுவர் எழுப்பிடுங்க."

"அது கதவாச்சே."

"கதவு மேலயா அலமாரிய சாய்ப்பாங்க?"

அலமாரிக்கு அந்த முற்றத்தில் வேறு மூன்று சுவர்கள் இருந்தன. அது தூர்சுனலிக்கும் தெரியும். ரப்பரை எடுத்துக் கதவை அழித்தார்.

உண்மைக் காரணம் வேறு. பக்கத்து வீட்டு நஃபோசத், கல்யாணமாகி நாலு வருஷம் குழந்தையில்லை என்று புருஷன் வீட்டார் திருப்பி அனுப்ப, பிப்ரவரியில் தாய்வீடு வந்து சேர்ந்திருந்தாள். முகர்ரமின் மகள் ஓய்தினுக்கோ மே மாதம் நிச்சயம் வைப்பதாகச் சம்பந்தம் பேசி முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து ரொட்டி உடைத்து நிச்சயம் செய்யும் நாளில், வாழாமல் திரும்பி வந்தவள் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு எதிரே வந்து நின்றால்? முகர்ரம் இதை நம்பினாளா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. பயந்தாள், அவ்வளவுதான்.

தெருவே கூடி அடுக்களை கட்டிக்கொடுத்தது. இந்த ஊரில் யார் வீட்டில் கட்டட வேலை என்றாலும் அப்படித்தான். வீட்டுக்காரர் புலாவ் போடுவார், மற்றவர்கள் கை கொடுப்பார்கள். தெருவில் கொத்து வேலை தெரிந்தவர் ஒருவர்தான். அவர் நஃபோசத்தின் அப்பா கோச்கோர். எந்தக் கதவை அடைக்க வேண்டும் என்று காட்டியபோது அவர் ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு கொத்துக் கரண்டியை எடுத்தார். தன் வீட்டுக் கதவைத் தானே அடைத்துவிட்டு, சாப்பிட்டுக் கை கழுவி, முப்பது வருஷத்தில் முதல்முறையாகத் தெருவைச் சுற்றி வீட்டுக்குப் போனார்.

இதெல்லாம் நடந்து பதினைந்து நாள் ஆகிறது. இன்று சனிக்கிழமை. நாளைக்கு ரொட்டி உடைப்பு.

* * *

காலை எட்டு மணிக்குப் புதுத் தந்தூரில் பருத்திமார் விறகு எரிந்து தணிந்தது. உள்சுவர் கறுத்து, மறுபடி வெளுத்தது. முகர்ரம் உப்புத் தண்ணீர் தெளித்து, கையில் மாட்டும் திண்டின் மேல் மாவை விரித்து, குனிந்து முதல் ரொட்டியை அறைந்தாள்.

ஒட்டியது. அவள் நிமிர்ந்து, "ஓய்தின், பாத்தியா? அம்மா கை!" என்றாள்.

உள்ளே சொத்தென்று ஒரு சத்தம் கேட்டது. ரொட்டி தணலில் விழுந்திருந்தது.

இந்த ஊரில் ரொட்டியைக் குப்புறக் கூட வைக்கமாட்டார்கள். அது நெருப்பில் விழுந்ததும் அம்மா, அப்பா, மகள் மூன்று பேரும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டாவது ரொட்டியும் விழுந்தது. மூன்றாவதோடு சுவரிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லும் பெயர்ந்து விழுந்தது. தந்தூரின் வாயிலிருந்து அடிவரை ஒரு விரிசல் ஓடியது.

தூர்சுனலி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான்தான்" என்றார். "களிமண்ணும் வைக்கோலும் வெச்சுப் பூசுங்க வாத்தியாரேன்னு கோச்கோர் சொன்னார். பாக்க நல்லாருக்கும்னு நான்தான் சுத்தி சிமெண்ட் போட்டேன். சூட்டுக்கு அது விரிஞ்சு குடுக்காது. எனக்குத் தெரியும், முகர்ரம். பாடமே எடுத்திருக்கேன்."

வேறொரு நாளாயிருந்தால் பாத்திரங்கள் பேசியிருக்கும். முகர்ரம் மாவுத் தொட்டியைத் திறந்து பார்த்தாள். மாவு மேலே எழும்பித் துணியைத் தள்ளிக்கொண்டிருந்தது. மே மாத வெயில். மதியத்துக்குள் புளித்துவிடும்.

"கடைல வாங்கிக்கலாமே" என்றார் தூர்சுனலி.

"பொண்ணு வீட்டு ரொட்டிய ஒடைக்கத்தான் அவங்க வர்றாங்க. கடை ரொட்டிய ஒடைச்சா கடைக்காரனோடயா சம்பந்தம்?"

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஓய்தின் இன்று லீவு போட்டிருந்தாள். "இதுக்கு ஏம்மா இவ்ளோ யோசனை?" என்றாள். "சல்தனத் சித்தி தந்தூர் இருக்கே. போன வருஷம் நம்ம பழைய தந்தூர் இடிஞ்சப்போ எல்லாம் அங்கதானே சுட்டோம்? அவங்க முற்றத்துக்கு நாலே எட்டு." அவள் கை தானாகக் கதவு இருந்த பக்கம் நீண்டது. அங்கே செங்கல் இருந்தது. அலமாரி இன்னும் தச்சரிடமிருந்து வரவில்லை. "எனக்கு இன்னும் புரியல. ஒரு அலமாரிக்காகவா அடைச்சோம்?"

"அலமாரிக்குத்தான்" என்றாள் முகர்ரம்.

தூர்சுனலி மறுபடியும் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

* * *

கேட்கப் போனது முகர்ரம்தான். நான் போகிறேன் என்ற மகளை விடவில்லை. அங்கே நஃபோசத்தின் அம்மா சல்தனத் என்ன சொல்லுவாள், எதையெல்லாம் சொல்லுவாள் என்று அவளுக்குத் தெரியாது. மகள் காதில் அது விழக் கூடாது.

குட்டிக்கதவு வழியாக நாலு எட்டு. தெரு வழியாக, தச்சர் வீட்டைத் தாண்டி, தேநீர்க்கடையைத் தாண்டி, மசூதி மூலை திரும்பி, பின்தெருவில் அவர்கள் வாசல். பதினைந்து நாளில் முகர்ரம் அந்தப் பக்கம் வருவது இதுதான் முதல் தடவை.

சல்தனத் கதவைத் திறந்தாள். முப்பது வருஷமாக முகர்ரமை "அக்கா" என்று கூப்பிட்டவள்.

"வாங்க" என்றாள். "சம்பந்தி வீட்டுக்காரங்க எல்லாம் சௌக்கியமா?"

அக்கா என்ற சொல்லைக் காணோம். முகர்ரம் அதைக் கவனித்தாள்.

"தந்தூர் வெடிச்சுப் போச்சு, சல்தனத். மாவு பொங்கி நிக்குது. நாளைக்கு..."

"நாளைக்கு ரொட்டி உடைப்பு. தெரியும். எங்களுக்குத்தான் சொல்லலியே தவிர, ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கீங்க."

முகர்ரம் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

சல்தனத் உள்ளே போய் ஒரு தட்டோடு வந்தாள். நீலத் தட்டு. ஆறு தட்டுச் செட்டில் ஒன்றைக் காணோம் என்று முகர்ரம் ஒரு மாதமாக வீட்டைப் புரட்டிப் போட்டுத் தேடிக்கொண்டிருக்கிற அதே தட்டு.

"உங்களோடதுதான். வெறுந்தட்டா திருப்பக் கூடாதுன்னு என் மக சம்சா சுட்டு வெச்சு எடுத்துட்டு வந்தா. குட்டிக்கதவுகிட்ட வந்து நின்னா. அந்தப் பக்கம் நீங்க உங்க தங்கச்சிகிட்ட போன்ல பேசிட்டிருந்தீங்க." சல்தனத் குரலை உயர்த்தவில்லை. "அன்னிக்கு அது மரக்கதவாத்தான் இருந்துச்சு. செங்கல் வெச்சப்பறம் பேசியிருந்தீங்கன்னா எங்களுக்குக் கேட்டிருக்காது."

முகர்ரமுக்குத் தான் பேசியது ஒவ்வொரு வார்த்தையாக ஞாபகம் வந்தது. *திரும்பி வந்தது அந்தக் கதவு வழியா வந்து நின்னா எம் பொண்ணு கதி என்னாகும்?* 'திரும்பி வந்தது' என்றாள். நஃபோசத் என்றுகூடச் சொல்லவில்லை. தன் மடியில் வளர்ந்த பெண்ணைப் பெயர் சொல்லிக் குறிப்பிட அன்றைக்கு அவளுக்கு வாய் வரவில்லை. முகம் தீப்பிடித்ததுபோல் எரிந்தது. காலடியில் இருந்த செருப்புகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் போறேன், சல்தனத்" என்றாள்.

"ஏன் போகணும்? ரொட்டி கேட்டு வந்தவங்கள இல்லைன்னு அனுப்பற வீடா இது? தந்தூர் மூட்டி வெக்கிறேன். மாவக் கொண்டு வாங்க." கதவைச் சாத்தப் போனவள் நின்றாள். "நாலு எட்டுதான், இல்ல? இப்ப தெரு வழியா தூக்கிட்டு வாங்க. எங்க வீட்டுக்காரர் கொத்து வேலை முடிச்சு அப்படித்தான் வந்தாரு."

* * *

மாவுத் தொட்டி அவ்வளவாகக் கனமில்லை. ஓய்தின் ஒரு பக்கம் பிடிக்க வந்தாள். முகர்ரம் வேண்டாம் என்றாள். தானே இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். ரொட்டியின் நடுவில் பொட்டுப் பொட்டாகப் பூ குத்தும் தன் வீட்டு முத்திரையை, புறப்படும்போது யாருக்கும் தெரியாமல் மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். ஏன் என்று கேட்காதீர்கள். அடுத்த வீட்டுப் பூ தன் ரொட்டியில் விழக் கூடாது என்று அந்த நேரத்திலும் அவளுக்குத் தோன்றியது.

தேநீர்க்கடைக் கட்டிலில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நாலு பேருமே அந்த அடுக்களைக்குச் செங்கல் தூக்கிக்கொடுத்தவர்கள்.

"என்ன அக்கா, வீட்டுத் தந்தூர் என்னாச்சு? மாவு தெருவுல நடக்குது?" என்றார் ஒருவர்.

"வாத்தியார் படம் போட்ட தந்தூர். அது படத்துலதான் சுடும்" என்றார் இன்னொருவர்.

சிரித்தார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. நாளைக்கு அவர்களே வந்து விருந்துக்குக் காய் நறுக்கிக் கொடுப்பார்கள். முகர்ரம் வழக்கம்போலத் திருப்பிக் கொடுத்திருந்தால் அதோடு போயிருக்கும். அவள் பேசாமல் போனாள். பிறகு அவர்களுக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

மசூதி மூலையில் வாசல் தெளித்துக்கொண்டிருந்த பஹ்ரி குடத்தைக் கீழே வைத்தாள். "சல்தனத் வீட்டுக்கா? ஏன் சுத்திக்கிட்டு? உங்களுக்குத்தான் உள்ளயே கதவு..." என்று தொடங்கியவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. தெருவுக்கே தெரிந்திருக்கிறது. அலமாரிக் கதையைத் தன் மகளைத் தவிர வேறு யாரும் நம்பவில்லை என்பது முகர்ரமுக்கு அப்போதுதான் உறைத்தது.

* * *

தந்தூர் முன்னால் நஃபோசத் நின்றிருந்தாள். தலைத்துணியை இறுக்கிக் கட்டி, கையில் திண்டை மாட்டியிருந்தாள்.

"வாங்க பெரியம்மா. அப்படி நிழல்ல உக்காருங்க. சூடு பதமா இருக்கு."

பெரியம்மா என்றாள். அது சல்தனத்தின் 'வாங்க'வைவிட அதிகமாக வலித்தது.

"நானே போடறேன், நஃபோசத்."

"தூக்கிட்டு வந்து சோர்ந்திருக்கீங்க. விட்டா தணல்ல போடுவீங்க."

மாவை உருட்டினாள். விரித்தாள். விளிம்பைச் சுற்றிக் கட்டைவிரலால் அமுக்கினாள். முத்திரை குத்த வேண்டிய நேரம் வந்ததும் தன் வீட்டு முத்திரையைத் தொடவில்லை. முகர்ரம் பக்கம் கையை நீட்டினாள்.

"குடுங்க பெரியம்மா. கொண்டு வந்திருப்பீங்களே."

குத்தலாகச் சொல்லவில்லை. உப்பு எடுத்துக் கொடுங்கள் என்பது மாதிரி சொன்னாள். முகர்ரம் பையிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தபோது திருடிப் பிடிபட்டவள் போலக் கூனிக் குறுகிப்போனாள்.

ஒன்பது ரொட்டி. ஒன்றுகூட விழவில்லை. எள்ளும் கருஞ்சீரகமும் தூவி, பொன்னிறமாக, எல்லாவற்றிலும் முகர்ரம் வீட்டுப் பூ. நஃபோசத் அவற்றைத் துணியில் அடுக்கி நாலு மூலையையும் முடிந்தாள்.

"யாரு சுட்டதுன்னு நாளைக்கு அவங்க கேப்பாங்க" என்றாள் சாம்பலைத் தள்ளிக்கொண்டே. "கேக்கறது வழக்கம்தானே. நீங்க சுட்டதுன்னே சொல்லிடுங்க. என் பேச்சு எடுக்க வேண்டாம். ஓய்தினுக்கு நல்லபடியா நடக்கணும்."

"நஃபோசத்..."

"அவ சின்னப் பிள்ளைல இருந்து நான் பாத்தவ, பெரியம்மா. எனக்கும் பயமாத்தான் இருக்கு."

முகர்ரம் மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தாள். எதற்கு என்று அவள் கேட்டால் அந்த வார்த்தையை மறுபடி சொல்ல வேண்டியிருக்குமே என்று பயந்தாள். மூட்டையைத் தூக்கிக்கொண்டு, நீலத் தட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வந்த வழியே திரும்பினாள்.

* * *

ஓய்தின் மூட்டையைப் பிரித்தாள். வாசனை முற்றம் முழுக்கப் பரவியது.

"ஐயோ, என்ன அழகு! யாரும்மா போட்டது?"

"நான்தான்" என்றாள் முகர்ரம்.

நாளைக்குச் சொல்ல வேண்டிய பொய். ஒருநாள் முன்னாலேயே, அதுவும் மகளிடம், வந்துவிட்டது.

ஓய்தின் ஒரு ரொட்டியை எடுத்து விளிம்பைத் தடவிப் பார்த்தாள். "நீங்க விளிம்பை விரல் நுனியால கிள்ளுவீங்க. கட்டைவிரலால அமுக்கறது நஃபோசத் அக்கா. எனக்குச் சொல்லிக்குடுத்ததே அவங்கதான்." ரொட்டியைப் பூ மேலே தெரியும்படி மெதுவாக வைத்தாள். "அம்மா, கதவ அலமாரிக்காக அடைக்கலதானே?"

முகர்ரம் புது மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவள் முழங்கைக்குச் சரியான உயரத்தில் இருந்தது.

ஓய்தின் அழவில்லை. கத்தவுமில்லை. "நாளைக்கு மாப்பிள்ளையோட அம்மா யாரு சுட்டதுன்னு கேட்டா, நான் நஃபோசத் அக்கா பேரச் சொல்லுவேன்" என்றாள். "அதக் கேட்டுட்டு எழுந்து போறவங்கன்னா, இப்பவே போகட்டும். ஆனா நான் சொல்றதுக்கு முந்தி நீங்க சொல்லணும்மா. நான் சொன்னா உங்களுக்கு இன்னும் அசிங்கம்." வீட்டுக்குள் போய்விட்டாள்.

மல்பெரி மரத்தடியில் உட்கார்ந்திருந்த தூர்சுனலி எழுந்து வந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். பதினோராவது படத்தை மடித்துக் கையில் வைத்திருந்தார்.

"ஒண்ணு சொல்லணும்" என்றார். "அன்னிக்கு கோச்கோர் எங்கிட்ட கேட்டார். 'இந்தக் கதவுக்கு சிமெண்ட்டா, மண்ணா வாத்தியாரே?' நான் பதில் சொல்லல. அவர் முகத்தப் பாக்க முடியாம பென்சில் தேடற மாதிரி குனிஞ்சிட்டேன். 'அலமாரிச் சுவருக்கு மண்ணு போதும்'னு அவரே சொல்லிட்டு மண்ணக் குழைச்சார்."

முகர்ரம் சுவரருகே போனாள். இரண்டு செங்கலுக்கு நடுவில் நகத்தை விட்டாள். உலர்ந்த மண் பொடியாக உதிர்ந்தது. ஊர் முழுக்கச் சிமெண்ட் பூசுகிற கோச்கோரின் கை, இந்த ஒரு இடத்தில் மட்டும் ஒரு பிடி சிமெண்ட் வைக்கவில்லை. கதவு மறுபடி வேண்டியிருக்கும் என்று நினைத்து வைத்திருக்கிறார். அவமானப்படுத்தப்பட்ட அன்றைக்கே, அவமானப்படுத்தினவர்களுக்காக அப்படி நினைத்திருக்கிறார்.

அவள் அங்கேயே அழுதாள். கணவன் பார்க்கிறார் என்றும் பார்க்கவில்லை. பிறகு மார்பு உயரத்தில் இருந்த ஒரு செங்கல்லை இரண்டு கையாலும் பற்றி ஆட்டினாள். ஆடியது. இழுத்தாள். வந்தது.

துளை வழியாக வெயில் தெரிந்தது. அந்தப் பக்க முற்றத்தைப் பெருக்கும் சத்தம் கேட்டது. செங்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு முகர்ரம் நின்றாள். அடுத்ததை எடுக்கவும் கை போகவில்லை, இதைத் திரும்ப வைக்கவும் போகவில்லை.

பெருக்கும் சத்தம் நின்றது.

"யாரு?" என்றாள் நஃபோசத்.

முப்பது வருஷமாக அந்த வாசலில் யாரும் யாரையும் அப்படிக் கேட்டதில்லை.